பூஜையறைக் கல்லும் ஊதாப் புள்ளிகளும்: ஒரு பள்ளி அறிவியல் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், 2025-26 கல்வியாண்டில் நடந்த திட்டம் இது. பழைய வடாற்காடு, 2019 வரை வேலூர் மாவட்டம், இப்போது திருப்பத்தூர். பதினோராம் வகுப்பு மாணவிகள் இருவர், மாணவன் ஒருவன், வழிகாட்டியாக அவர்களுடைய வேதியியல் ஆசிரியை. நான் வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஆசிரியை கேட்டுக்கொண்டதால் வெளியிலிருந்து உதவப் போனேன். பெயர்கள் எதையும் எழுதவில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானம் அந்நியமான பாடம் இல்லை. காவலூர் வானாய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்த கதை பலருக்குத் தெரியும். 2025 ஜனவரியில் பென்னு குறுங்கோள் பற்றிய முடிவுகள் வெளிவந்தபோது இந்தக் குழுவும் அதைப் படித்திருந்தது. 2023 செப்டம்பரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கொண்டு வந்த 121.6 கிராம் மண்ணையும் கல்லையும் ஆராய்ந்ததில், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. குறிப்பேடு எழுதும் மாணவி ஆசிரியையிடம் கேட்டது இதுதான்: "மிஸ், உயிரே இல்லாத கல்லுல அது எப்படி வந்துச்சு?" திட்டத்தின் கேள்வியாக அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொன்னார். நல்ல தொடக்கம் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

மில்லர் கருவி வேண்டாம் என்ற முடிவு

மாணவர்கள் முதலில் செய்ய நினைத்தது ஸ்டான்லி மில்லரின் சோதனையை. 1952-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரேயின் மாணவராக இருந்தபோது மில்லர் செய்தது அது. ஒரு குடுவையில் கொதிக்கும் நீர், அதற்கு மேலே மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். நடுவே இடைவிடாத மின்பொறி. நீர் கடல், வாயுக்கள் காற்று, பொறி மின்னல். ஒரு வாரத்தில் நீர் நிறம் மாறியது. அதில் கிளைசினும் அலனினும் இருந்தன. 1953-ல் கட்டுரை வெளிவந்தது.

பிள்ளைகளின் திட்டம் துல்லியமாகத்தான் இருந்தது. பைக்கின் இக்னிஷன் காயில், சாண எரிவாயுக் கலனிலிருந்து மீத்தேன், துத்தநாகமும் அமிலமும் சேர்த்து ஹைட்ரஜன். படம் வரைந்து, செலவுக் கணக்குகூடப் போட்டிருந்தார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். காரணம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்டது. ஹைட்ரஜனும் மீத்தேனும் உள்ள கண்ணாடிக்குள் ஒரு மூட்டு வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், மின்பொறி அதை வெடிக்க வைத்துவிடும். இன்னொன்றும் உண்டு. அந்தக் குடுவையில் அமினோ அமிலம் உருவாகும் வழியே ஹைட்ரஜன் சயனைடு மூலமாகத்தான். ஆல்டிஹைடு, அம்மோனியா, சயனைடு மூன்றும் சேர்ந்து முதலில் ஓர் இடைப்பொருள் ஆகி, அது நீரில் உடைந்து அமினோ அமிலமாகும். ஸ்ட்ரெக்கர் 1850-லேயே கண்ட வினை. வினை சரியாக நடந்தால் குடுவையில் விஷம் இருக்கும் என்று சொன்னதும் வகுப்பே அமைதியானது.

கூடவே ஓர் அறிவியல் காரணமும் இருந்தது. ஆதி பூமியின் காற்று மில்லர் நினைத்த மாதிரி இல்லை, பெரும்பாலும் கரியமில வாயுவும் நைட்ரஜனும்தான் என்பது இன்று பலருடைய கருத்து. அப்படிப்பட்ட காற்றில் பொறி விட்டால் கிடைப்பது மிகவும் குறைவு. எரிமலை வாய்ப் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். மில்லர் எரிமலை ஆவியை மனத்தில் வைத்துச் செய்து, முழுதாக ஆராயாமல் வைத்திருந்த பழைய குப்பிகளை அவர் மறைவுக்குப் பின் எடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. ஆக, ஒரே ஒரு குடுவையைக் காட்டி "இப்படித்தான் வந்தது" என்று கண்காட்சியில் சொல்வது சரியாகாது.

மில்லர் செய்ததில் பள்ளியில் செய்யக்கூடிய பாதி ஒன்று இருந்தது, கண்டுபிடிக்கும் பாதி. அவர் கையில் அன்று பெரிய கருவிகள் இல்லை. வடிதாளில் சொட்டு வைத்து, கரைப்பானை மேலே ஏறவிட்டு, காய்ந்ததும் நின்ஹைட்ரின் தெளித்தார். அமினோ அமிலம் இருந்த இடம் ஊதாவானது. கரைப்பான் ஏறும்போது ஒவ்வொரு பொருளும் தாளில் தனக்கான உயரம்வரைதான் போகும்; அதை வைத்துப் பிரித்தறியும் இந்த முறைக்குத் தாள் வண்ணப்பிரிகை என்று பெயர். அது பாடத்திலேயே இருக்கிறது. அதையே செய்வது என்று முடிவானது.

கல் வந்தது

அடுத்த வாரம் மாணவன் ஒரு கல்லோடு வந்தான். கைக்குள் அடங்கும் அளவு, கறுப்பு, ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பு. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்ததாக அப்போது அரசுத் தரப்பிலேயே சொல்லப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். அந்த நாட்களில் மாணவனின் மாமா அந்தப் பக்கத்து வயலில் பொறுக்கியதாம் இந்தக் கல். ஒன்பது வருடமாக அவன் ஆயாவின் பூஜை அலமாரியில் இருந்தது. சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது வானத்துக் கல்தான்.

அதில் அமினோ அமிலம் தேடலாம் என்று மூவரும் கேட்டார்கள். ஆசிரியை ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு. திட்டத்தின் பெயரில் நாட்றம்பள்ளி வரக்கூடாது. ஒரு குடும்பம் தன் ஆளை இழந்த இடம் அது. கல்லுக்கு எந்தச் சேதமும் வரக்கூடாது. ஆகவே கல்லைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டுச் சூடாக்கி, அந்த நீரைச் சுண்டவைத்துச் சொட்டாக வைப்பது என்று ஏற்பாடு.

கவனித்தவை: முதல் தாள்

தாளில் மூன்று சொட்டுகள் வைத்தார்கள். கிளைசின், மளிகைக் கடை அஜினோமோட்டோவைக் கரைத்த நீர் (குளுட்டாமிக் அமிலத்தின் உப்பு என்பதால் நல்ல ஒப்பீடு), கல்லைச் சூடாக்கிய நீர். கரைப்பான் பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் கலந்தது. பள்ளி முடிந்த பிறகு நான் போய்ச் சேர்ந்தபோது தாள் காய்ந்து, தெளித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் மேலே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லின் வரிசையில் ஊதா தெரிந்தது. கிளைசின் நின்ற உயரத்தில் ஒரு திட்டு, அதற்கு மேலே இழுபட்ட இன்னொரு திட்டு. மாணவன் ஒன்றும் பேசவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடினார்கள். அவர் வந்து பார்த்து, உள்ளூர் நிருபர் ஒருவரைக் கூப்பிடலாமா என்றார். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விண்கல்லில் அமினோ அமிலம் கண்டார்கள் என்றால் செய்திதான். அவர் மகிழ்ச்சியில் தவறு எதுவும் இல்லை.

செய்தியை நிறுத்தி வைத்த முடிவு

ஆசிரியை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். அன்று மாலை நாங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது இந்தத் திட்டத்தின் மையமான பகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நின்ஹைட்ரின் அமினோ அமிலத்தைக் காட்டும், அது எங்கிருந்து வந்தது என்று காட்டாது. நம் வியர்வையில் அமினோ அமிலம் உண்டு. செரின் அதிகம், கிளைசினும் உண்டு. குற்றவியல் துறையினர் காகிதத்தில் விரல் ரேகை எடுப்பதே 1950-களிலிருந்து நின்ஹைட்ரினால்தான். வான்வேதியியலில் இது பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. யுவான் ஓரோ என்ற உயிர்வேதியியலாளரும் இன்னொருவரும் 1965-ல் விரல்களில் உள்ள அமினோ அமிலங்களை அளந்து எச்சரித்தார்கள். அதற்கு முன் சில விண்கற்களில் கண்டதாகச் சொல்லப்பட்டவை விரல் தடத்தின் கலவையை ஒத்திருந்தன.

அப்படியானால் மர்ச்சிசன் கல்லை மட்டும் உலகம் ஏன் நம்பியது? 1969 செப்டம்பர் 28-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த கல் அது. அதை ஆராய்ந்து 1970-ல் கட்டுரை எழுதியவர்களில் இலங்கையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சிரில் பொன்னம்பெருமவும் ஒருவர். அவர்கள் இரண்டு தடயங்களைக் காட்டினார்கள். பூமி உயிர்களின் புரதத்தில் இல்லாத 2-மெத்தில் அலனின் போன்ற அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. அப்புறம், பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு நம் இரு கைகளைப்போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு; அந்த இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் கல்லில் கிட்டத்தட்ட சமமாக இருந்தன. உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தைத்தான் எடுக்கும். வியர்வை பட்டிருந்தால் இடக்கையே மிகுந்திருக்கும். பிற்காலத்தில் சில வகைகளில் இடக்கை கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது தனிக் கதை.

ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 வால்மீனின் தூசியைக் கொண்டு வந்தபோதும் இதே சிக்கல். மாதிரிகளில் நைலானிலிருந்து வந்த கலப்படம் இருந்தது. கிளைசின் வால்மீனுடையதுதான் என்பதை, அதில் கனமான கார்பன் அணுக்கள் (கார்பன்-13) பூமியில் உள்ளதைவிட அதிகம் என்று அளந்த பிறகுதான் 2009-ல் சொன்னார்கள். மில்லரும் குடுவையில் கிருமி வளர்ந்து அமினோ அமிலம் வந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சோதனை முடிந்ததும் பாதரச உப்பைச் சேர்த்து வைத்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவி முதல் தாளை மறுபடி விளக்கடியில் பிடித்தாள். கீழ் மூலையில், யாரும் சொட்டு வைக்காத இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை கோடு கோடாக ஊதாவில் இருந்தது. சுழிகூடத் தெரிந்தது. தாள் முழுக்கவும் லேசான ரோஜா நிறம் படர்ந்திருந்தது. சொல்லிப் புரியவைக்க வேண்டிய வேலை அதோடு முடிந்தது. நிருபரைக் கூப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளே தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்கள். அவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

வெற்றுச் சோதனைகள்

இரண்டாவது தாளில் கல்லே இல்லை; கல் இல்லாமலே ஊதா வருகிறதா என்று பார்ப்பதுதான் வெற்றுச் சோதனை. அதே பீக்கரில் சூடாக்கிய வெறும் நீர், பள்ளி முற்றத்து ஜல்லியைக் கையால் எடுத்துப் போட்ட நீர், சோப்பு போட்டுக் கழுவிய ஜல்லியை இடுக்கியால் போட்ட நீர், ஒரு விரலை அழுத்திக் கழுவிய நீர்.

விரலின் வரிசைதான் எல்லாவற்றிலும் அழுத்தமான ஊதா. கையால் எடுத்த ஜல்லி, கல்லுக்குக் கிட்டத்தட்ட சமம். வெறும் நீரிலும் மங்கலாக ஏதோ இருந்தது. இடுக்கியால் போட்ட ஜல்லி அந்த வெறும் நீரைவிடக் கூடுதலாக எதையும் காட்டவில்லை.

தாள் முழுக்கப் படர்ந்த ரோஜா நிறத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க இன்னும் நாள் ஆனது. தாளைக் காயப்போட்ட கம்பி, உப்புப் பகுப்பாய்வு மேசைக்கு மேலே இருந்தது. அம்மோனியா சீசாக்கள் அங்கேதான். நின்ஹைட்ரின் அம்மோனியாவோடும் ஊதாவாகும். வாணியம்பாடித் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு மாணவியின் அப்பா இதைக் கேட்டுவிட்டு, தோலிலிருந்து சுண்ணாம்பு எடுக்க அம்மோனியம் உப்பு போடும் இடத்தில் மூக்கில் ஏறும் நெடியைப் பற்றிச் சொன்னார். தோல் தூசி ஒட்டிய சட்டையோடு லேபுக்குள் வராதே என்று மகளுக்கு அவரே சொல்லி அனுப்பினார். சரியான யோசனை. தோலின் கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின்தான்.

அதன்பின் ஏற்பாடு மாறியது. கையுறை, இடுக்கி, கல்லூரியிலிருந்து புதிதாக வடித்த நீர், நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து அலசிய கண்ணாடி, காயப்போட வேறு அறை. மூன்றாவது தாளில் வெறும் நீரின் வரிசை வெண்மையாகவே நின்றது. பிள்ளைகள் அன்று கைதட்டினார்கள். ஒன்றும் தெரியாத ஒரு வரிசைக்காகக் கைதட்டும் மாணவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கல்லை உடைப்பதா

கல்லின் வெளிப்புறத்தை நம்ப முடியாது என்பது தெளிவாகிவிட்டது. உள்ளே பார்க்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். அதற்கு முன், உண்மையில் விண்கல்லா என்று பார்த்தாக வேண்டும். விண்கல்லாக இருந்தால் நம் நாட்டில் அதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் தெரிவிக்க வேண்டும்; பள்ளியில் வைத்து உடைக்கும் பொருள் அல்ல. காந்தம் ஒட்டவில்லை. பளபளப்பான பக்கத்தின் ஓரத்தில் கடுகளவுக் குமிழ்த் துளைகள் இருந்தன. புவியியல் பேராசிரியர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, இது உலைக்கசடு, உலோகம் உருக்கும்போது மிதந்து வெளியேறிய கழிவு என்றார். விண்கல்லில் இப்படிக் குமிழ்த் துளைகள் இருப்பது மிக அரிது.

இதை மாணவனிடம் எப்படிச் சொல்வது என்பதில் ஆசிரியை அதிகம் யோசித்தார். பேராசிரியரிடம் அவனையே கூட்டிப் போய், லென்ஸை அவன் கையில் கொடுக்கச் சொன்னார். துளைகளை அவனே எண்ணினான். திரும்பும் பஸ்ஸில் பேசவே இல்லை என்று ஆசிரியை சொன்னார். இந்தத் திட்டத்தில் எடுத்த முடிவுகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

உடைக்கும் அனுமதியைக் கேட்க அவனே ஆயாவிடம் போனான், நாங்களும் கூடப் போனோம். "சாமிகிட்ட வெச்சதுப்பா, முழுசா உடைக்காத. அடியில ஓரமா வேணா எடுத்துக்க" என்றார். பேச்சுவாக்கில், பிரதோஷம்தோறும் கல்லுக்குப் பால் ஊற்றிக் கழுவுவேன் என்றும் சொன்னார். மாணவி உடனே குறிப்பேட்டில் எழுதினாள். பாலில் புரதமும் உண்டு, தனியாகக் கரைந்திருக்கும் அமினோ அமிலமும் உண்டு. குளுட்டாமிக் அமிலம் முக்கியமானது. கல்லின் வரலாற்றைக் கேட்காமல் அதன் வேதியியலைப் படிக்க முடியாது என்பது அந்த வீட்டுத் திண்ணையில்தான் பிள்ளைகளுக்கு உறைத்தது.

அடிப்பக்கத்துச் சில்லின் உள்பகுதியைப் பொடித்துச் சூடாக்கிய நீரில் தாள் எதையும் காட்டவில்லை. வெளிப்புறத்தைக் கழுவிய நீர் ஊதாவானது. முடிவை எழுதும்போது ஒரு வரம்பையும் சேர்த்தார்கள். மர்ச்சிசன் கல்லிலேயே ஒரு கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவுதான் அமினோ அமிலம். அவ்வளவு குறைவானதை இந்தத் தாள் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே "உள்ளே இல்லை" என்று எழுதவில்லை, "எங்கள் முறையில் தெரியவில்லை" என்று எழுதினார்கள். உலையின் சூட்டில் எந்த அமினோ அமிலமும் தாக்குப்பிடிக்காது என்பதைத் தனி வரியாகப் போட்டார்கள்.

கண்காட்சியும் அதன் பிறகும்

திட்டத்தின் தலைப்பு "இந்த ஊதா எங்கிருந்து வந்தது?" என்று மாறியது. மூன்று தாள்களையும் வரிசையாக ஒட்டினார்கள், கட்டைவிரல் ரேகையோடு. ஒரு பக்கம் ஆதி பூமிக்கு அமினோ அமிலம் வந்திருக்கக்கூடிய வழிகள்: மின்னலும் எரிமலை ஆவியும், கடலடி வெந்நீர் ஊற்றுகள், விண்கற்களும் தூசியும். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதை நம்புவதற்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரத்தைக் கலப்படம் எப்படிக் கெடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பென்னு மாதிரிகள் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் ஏன் வைத்துக் கையாளப்படுகின்றன என்பதை மாணவன் விளக்கினான்.

நடுவர் ஒருவர், "அப்போ கடைசியில ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்டார். மாணவி வெறும் நீரின் வெள்ளை வரிசையைக் காட்டி, "இது கிடைக்கத்தான் சார் இவ்வளவு நாள் ஆச்சு" என்றாள். மூன்றாம் பரிசு கிடைத்தது; அடுத்த நிலைக்குத் தேர்வாகவில்லை. நடுவர்களின் மதிப்பீட்டுத் தாளில் "முடிவு எதிர்மறை" என்ற குறிப்பு இருந்ததாக ஆசிரியை சொன்னார். அந்த அளவுகோல் எனக்குச் சம்மதமில்லை. ஓர் அளவீட்டை நம்பலாமா என்று சோதித்துப் பார்த்ததை, ஒன்றும் கிடைக்காததாக எண்ணுவது பிள்ளைகளுக்குத் தவறான பாடம். கண்காட்சிக் குழுவுக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கல் திரும்பவும் பூஜை அலமாரிக்குப் போனது. உலையிலருந்து வந்தா என்ன, இத்தனை வருஷம் கும்பிட்டாச்சு என்றாராம் ஆயா.

மறுமுறை செய்தால்

முதல் தாளே வெற்றுத் தாளாக இருக்க வேண்டும். மாதிரியை வைப்பதற்கு முன் வெறும் நீர், விரல், அறைக் காற்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மாதிரி யாரிடமிருந்து வந்தது, எங்கே இருந்தது, எதால் கழுவப்பட்டது என்று கேட்டு எழுதிய பக்கம் குறிப்பேட்டின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். புவியியல் தெரிந்தவரிடம் காட்டுவது சூடாக்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். கல் உண்மையில் விண்கல்லாக இருந்திருந்தால் அந்த முதல் கொதிநீரிலேயே பாதித் தடயம் போயிருக்கும்.

ஒப்பீட்டுக்குக் கிளைசினை முதன்மையாக வைத்ததையும் மாற்றுவோம். கிளைசினுக்கு இடக்கை வலக்கை வேறுபாடு கிடையாது. மூலம் எது என்ற கேள்விக்கு அந்த வழியில் அதனிடம் பதில் இல்லை. அலனினுக்கு உண்டு. இடக்கை அலனின் தனியாகவும், இரண்டும் சமமாகக் கலந்த அலனின் தனியாகவும் ரசாயனக் கடையில் கிடைக்கும். இரண்டையும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து எங்கள் கல்லூரியின் போலாரிமீட்டரில் (ஒரு கரைசல் ஒளியின் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) வைத்தால் முதலாவது ஒளியின் தளத்தைத் திருப்பும், இரண்டாவது திருப்பாது. வடிதாளில் இரண்டும் ஒரே உயரத்தில் ஒரே ஊதாவாக நிற்கும். அடுத்த ஆண்டுக் குழு இந்தச் சோதனையிலிருந்து தொடங்குவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். குறிப்பேடு எழுதிய மாணவி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு நடுவிலும் அவர்களுக்கு உதவ ஒப்புக்கொண்டிருக்கிறாள்.